வாடகை, லீஸ், சொந்த வீடு: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வீட்டுச் செலவைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். எண்ணூர் முதல் பெரம்பூர் வரையிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மாத வாடகையைவிட, ஒரே தவணையில் கையைவிட்டுப் போகும் பெருந்தொகையைப் பற்றியே கவலைப்படுகின்றன. அட்வான்ஸ், லீஸ் பணம், வீடு வாங்கக் கட்டும் முன்பணம் ஆகியவைதான் அந்தத் தொகைகள். அந்தக் கவலை மிகச் சரியானது என்று கருதுவதால், பதில்களிலும் அதற்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் புது வண்ணாரப்பேட்டையில் 9,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கிறோம். பதினோரு மாத ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. மெட்ரோ ரயில் பக்கத்தில் இருப்பதால் இனி 13,000 ரூபாய் வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்யுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். பத்து மாத அட்வான்ஸாக 90,000 ரூபாய் அவரிடம் இருக்கிறது. காலி செய்தால் வண்ணம் பூச ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வாராம். மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா? அவரிடம் பேசும்போது என்ன சொல்லலாம்?
– வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்: சட்டம் இருக்கிறது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் அது கைகொடுக்காது, எதிர்பாராத இடங்களில் கைகொடுக்கும். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ‘நியாய வாடகை’ நிர்ணயிக்கச் சொல்லி நீதிமன்றத்தை நாட வழி இருந்தது. அதற்கு மாற்றாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிய தொகையே வாடகை என்பது இச்சட்டத்தின் நிலை. எனவே ஒப்பந்தக் காலத்துக்குள் அவர் தன் விருப்பத்துக்கு உயர்த்த முடியாது, ஆனால் காலம் முடிந்தபின் 13,000 கேட்பதை இச்சட்டம் தடுக்கவில்லை. 44 விழுக்காட்டு உயர்வு அநியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் அதைச் சட்டத்தால் அல்ல, பேச்சினால்தான் குறைக்க வேண்டியிருக்கும்.

அட்வான்ஸ் விஷயம் வேறு. மாறாக ஒப்புக்கொண்டு எழுதியிருந்தாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அதே சட்டம். பத்து மாதம் என்று உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் அந்த விதிவிலக்கு அவருக்குச் சாதகமாகிவிடும். ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பு இந்த வரியைப் படித்துவிடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவுகள் போக, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதி. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையே பிரித்துக் கொடுத்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், அடைத்துக்கொண்ட சாக்கடை போன்றவைதான் குடியிருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியவை. சென்னையில் வழக்கமாகவே ஆகிவிட்ட ‘பெயின்டிங்குக்கு ஒரு மாதம்’ என்ற பிடித்தத்துக்கு, நீங்கள் எழுதிக் கொடுக்காதவரை, சட்டத்தில் ஆதாரமில்லை. வாடகைத் தகராறு முற்றினாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது. துண்டித்தால் துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

இந்த உரிமைகளெல்லாம் கைக்கு வர ஒரு நிபந்தனை உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண்ணும் பெற வேண்டும். அதை இணையத்திலேயே செய்யலாம். வீட்டுக்காரர் உடன்வர மறுத்தால், வாடகைதாரர் தனியாகவே விவரங்களைத் தாக்கல் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. வடசென்னையில் நான் பார்த்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் வைக்கப்பட்டவை. அவற்றை நம்பி வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் தொடக்கத்திலேயே தடுமாற நேரிடும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா, அல்லது வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து துணை மீட்டர் போடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனி இணைப்பு என்றால் அதன் எண்ணைக் கேட்டு வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே நேரடியாகக் கட்டுவதாகச் சொல்லுங்கள். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகை உங்களுக்கு வந்து சேர வேண்டியது. யூனிட்டுக்கு 10 ரூபாய் கொடுக்கும்வரை அது வந்து சேராது.

பேசும்போது என்ன சொல்லலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேறு வீடு பார்த்தால், பழைய அட்வான்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே புதிய அட்வான்ஸைக் கட்ட வேண்டியிருக்கும், தரகருக்கும் வண்டிக்கும் தனிச்செலவு. அந்த நெருக்கடியை அவரும் அறிவார், அதை நம்பித்தான் 13,000 என்கிறார். ஆனால் வீடு ஒரு மாதம் பூட்டிக்கிடந்தால் அவருக்கும் நட்டம்தான். இரண்டு ஆண்டு ஒப்பந்தம், முதலாண்டு 10,500, இரண்டாமாண்டு எவ்வளவு உயரும் என்பதை இப்போதே எழுதிவிடுவது, கூடுதல் அட்வான்ஸ் கிடையாது என்று கேட்டுப்பாருங்கள். ஒழுங்காக வாடகை தரும் குடும்பத்தை இழக்க விரும்பாத வீட்டுக்காரர்கள் நம் பகுதியில் ஏராளம்.

கேள்வி: கொருக்குப்பேட்டையில் ஒரு படுக்கையறை வீட்டை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மூன்று ஆண்டு லீசுக்குத் தருகிறார்கள். மாத வாடகை இல்லை. மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டலாம் என்றிருக்கிறேன். பதிவு செய்தால் செலவு அதிகம், முத்திரைத்தாளில் எழுதினால் போதும் என்கிறார் தரகர். செய்யலாமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: பதிவு இல்லாமல் செய்ய வேண்டாம். நகையை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றால், பதிவோடும் செய்யத் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

கணக்கை முதலில் பார்ப்போம். லீசுக்குப் போனால் வாடகை மிச்சம் என்று நாம் சொல்வது, அந்தப் பணம் நம் சொந்தச் சேமிப்பாக இருக்கும்போதுதான் ஓரளவு உண்மை. ஐந்து லட்சத்தை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் அடகுக் கடையில் வாங்கினால் வட்டி மட்டுமே மாதம் 5,000 ரூபாய். அதாவது உங்கள் உண்மையான வாடகை 5,000 ரூபாய். அதோடு நகை மூழ்கும் ஆபத்தும் லீஸ் பணம் திரும்பாத ஆபத்தும் உங்கள் தலையில் விழுகின்றன. அதே வீடு ஆறு, ஏழாயிரத்துக்கு வாடகைக்குக் கிடைக்குமானால், மிச்சமாகும் ஓரிரு ஆயிரத்துக்காக இத்தனை ஆபத்தை ஏற்பது பொருந்தாது.

இனி சட்டம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் அதைப் பதிவு செய்தாக வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டு வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிக்கும் ஏற்பாட்டை நம் முன்னோர் போக்கியம் என்றார்கள், ஒத்தி என்றார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் அது அனுபோக அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அத்தகைய அடமானம், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு பதிவான பத்திரத்தால்தான் செல்லும். பதிவானால் அது வில்லங்கச் சான்றில் ஏறும், வீட்டை யார் வாங்கினாலும் உங்கள் ஐந்து லட்சம் அந்த வீட்டின் மீதே நிற்கும். பணம் திரும்பக் கிடைக்கும்வரை வீட்டில் இருக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. வெறும் முத்திரைத்தாளில் எழுதினால், அந்தத் தொகை ஒரு தனிமனிதரிடம் கொடுத்த கைமாற்று என்ற நிலைக்கு இறங்கிவிடும்.

லீஸ் பணம் ஏன் திரும்பி வராமல் இழுக்கிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. மகளின் திருமணத்துக்கோ மேல்மாடி கட்டுவதற்கோ அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு, அடுத்து லீசுக்கு வருபவர் தரும் பணத்தில்தான் உங்களுக்குத் திருப்பித் தர எண்ணியிருப்பார்கள். அடுத்தவர் வரத் தாமதமானால் உங்கள் பணமும் தாமதமாகும். ஏமாற்றுவோரின் வழி வேறு. வீட்டை உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்து, தாமே உரிமையாளர் போல லீசுக்கு விட்டுப் பெருந்தொகையோடு மறைந்துவிடுவார்கள். சில மாதம் கழித்து உண்மையான உரிமையாளர் வாடகை கேட்டு வாசலில் நிற்கும்போதுதான் குடியிருப்பவருக்கு விஷயமே தெரியவரும். இன்னும் சிலர், வங்கியில் ஏற்கெனவே அடமானத்தில் உள்ள வீட்டை அதைச் சொல்லாமலே லீசுக்கு விடுகிறார்கள். தவணை தவறினால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்ற வரும்.

ஆகவே, இந்த வீட்டை விட மனமில்லை என்றால், வில்லங்கச் சான்றை நீங்களே எடுங்கள், அசல் பத்திரத்தை நகலாக அல்லாமல் அசலாகவே காட்டச் சொல்லுங்கள். பத்திரத்தில் பெயர் உள்ளவரிடமே, அவர் வங்கிக் கணக்கிலேயே பணத்தைச் செலுத்துங்கள். காலம் முடிந்ததும் பணத்தை எண்ணி வாங்கிய பின்புதான் சாவியைக் கொடுக்க வேண்டும். பதிவுச் செலவு அதிகம் என்று தரகர் சொல்வது உண்மைதான், அந்தச் செலவை ஏற்க முடியாத லீசை எடுக்காதிருப்பது நல்லது.

கேள்வி: வியாசர்பாடியில் போர்டு வீடு ஒன்று ஏழு லட்சத்துக்கு வருகிறது. ஒதுக்கீட்டு ஆணையும் பணம் கட்டிய ரசீதுகளும் தருகிறார்கள். இதைவிட மலிவாகச் சொந்த வீடு கிடைக்காது என்று தோன்றுகிறது.
– வாசகி, வியாசர்பாடி

பதில்: அது உங்களுக்குச் சொந்த வீடாக ஆகாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் குடியிருப்புகளில் ஒதுக்கீடு பெற்றவர், தவணை முழுவதையும் கட்டி வாரியத்திடமிருந்து விற்பனைப் பத்திரம் பெறும்வரை உரிமையாளர் அல்லர். உரிமையாளர் அல்லாதவர் விற்க முடியாது. எனவே அவர் எழுதித் தரும் காகிதம் எதுவாயினும் உங்கள் ஏழு லட்சத்துக்குப் பாதுகாப்பு தராது. விற்பனைப் பத்திரம் முறையாகப் பெற்ற வீடுகளும் உண்டு. அப்படியானால் அந்தப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள், காட்டினால் பேச்சைத் தொடரலாம்.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. பழைய குடியிருப்புகள் ஒவ்வொன்றாக இடித்துக் கட்டப்படுகின்றன. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993-இல் கட்டிய கட்டடம் ஒன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டு முன்கூட்டியே வெளியேறியதால்தான் உயிர்கள் தப்பின. மறுகட்டுமானம் என்று வரும்போது புதிய வீடு வாரியத்தின் பட்டியலில் உள்ள ஒதுக்கீடுதாரரின் பெயருக்கே போகும். பட்டியலில் இல்லாமல் பத்து, பதினைந்து ஆண்டுகளாக அங்கே குடியிருக்கும் குடும்பங்கள் அப்போது எங்கே போகும் என்ற கேள்விக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை. ஒதுக்கீடு பெற்றவர்களின் நிலையும் எளிதன்று. கட்டி முடியும்வரை வெளியே தங்கக் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத்தொகை தரப்படுகிறது. முன்பு அது 8,000 ரூபாயாக இருந்தது. உயர்த்தியது நல்ல செயல். ஆனால் கட்ட ஒன்றரை ஆண்டு ஆகிறது என்று கொண்டாலும், அது மாதம் 1,333 ரூபாய்தான். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ அந்த வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. இந்தத் தொகையை அந்தந்தப் பகுதி வாடகையோடு இணைத்து, அட்வான்ஸுக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: நானும் மனைவியும் சேர்ந்து மாதம் 55,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். மாதவரத்தில் 12,000 ரூபாய் வாடகை. 45 லட்சத்துக்குப் புதிய ஃபிளாட் பார்த்திருக்கிறோம். வாடகை வீண் செலவு, அதே பணத்தைத் தவணையாகக் கட்டினால் வீடு நமக்காகும் என்கிறார்கள். சரியா?
– வாசகர், மாதவரம்

பதில்: அதே பணத்தில் ஆகாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 விழுக்காடு வரைதான் வங்கி தர ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 45 லட்சத்தில் அது 36 லட்சம். எட்டரை விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 31,240 ரூபாய். உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் போய்விடும். மீதியில் பள்ளிக் கட்டணமும் மருத்துவமும் வீட்டுச் செலவும் பார்த்து, இருவரில் ஒருவருக்கு ஆறு மாதம் வேலை இல்லாமல் போனாலும் சமாளிக்க முடியுமா என்று யோசியுங்கள்.

கையிலிருந்து போடவேண்டிய தொகை 9 லட்சத்தோடு முடியாது. புதிய ஃபிளாட்டின் முதல் விற்பனையில், 50 லட்சம் வரை, முத்திரைத் தீர்வை 4 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து 2.70 லட்சம் ஆகும். கட்டுமானம் முடிந்து நிறைவுச் சான்று வாங்கிய வீடென்றால் ஜிஎஸ்டி இல்லை. இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் வீடென்றால் உண்டு. சென்னையில் கார்ப்பெட் பரப்பு, அதாவது சுவர்களுக்குள் புழங்கும் இடம், 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் ஒரு விழுக்காடு, அதாவது 45,000 ரூபாய். அந்த எல்லையைத் தாண்டினால் 5 விழுக்காடு, அதாவது 2.25 லட்சம். சில சதுர அடிகள் கூடுதலாகக் கேட்பது எவ்வளவு செலவைக் கூட்டுகிறது பாருங்கள். இந்த வரியையும் பதிவுச் செலவையும் வங்கிக் கடனில் பொதுவாகச் சேர்க்க முடியாது. வட்டிக்கு வெளியில் வாங்கி இந்த ஓட்டையை அடைப்பவர்கள்தான் முதல் மூன்று ஆண்டுகளில் திணறிப்போகிறார்கள்.

உங்கள் வருமானத்துக்கு மாதம் 22,000 ரூபாய்க்கு மேற்பட்ட தவணை வேண்டாம் என்பேன். அது சுமார் 25 லட்சம் கடனுக்குச் சமம். தற்செயலாக அதே எல்லையில் ஓர் உதவியும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, இந்தியாவில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லாதவர், 35 லட்சத்துக்குட்பட்ட வீட்டை 25 லட்சத்துக்குட்பட்ட கடனில் வாங்கினால், முதல் 8 லட்சத்துக்கு 4 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்கில் வரும். 45 லட்சம் ஃபிளாட்டுக்கு இது கிடையாது. 32, 33 லட்சத்தில் பழைய ஃபிளாட் பார்ப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் மறுவிற்பனைக்கு அந்தத் தீர்வைச் சலுகை பொருந்தாது, முத்திரையும் பதிவும் சேர்ந்து 9 விழுக்காடு வரும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

பழைய வீடோ புதியதோ, அதற்கு எத்தனை சதுர அடி பிரிக்கப்படாத மனைப் பங்கு என்பதே விலையின் அடிப்படை. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில் ஆறு வீடுகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 400 சதுர அடி வர வேண்டும். அனுமதி இல்லாமல் மேலே ஒரு மாடி ஏற்றிவிட்டுப் பங்கைச் சுருக்கியிருந்தால் விலகிவிடுங்கள். வடசென்னையில் இதில் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படக் காரணம் உண்டு. மனை 500 சதுர மீட்டருக்கு மேலோ வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால்தான் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெரா என்ற ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். நம் தெருக்களில் ஒரு கிரவுண்டில் எழும் ஆறு வீட்டுக் கட்டடம் அந்த எல்லைக்குள் வராது. பதிவான திட்டம் என்றால், விற்பனை ஒப்பந்தம் பதியும் முன் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது, ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தென்பட்டால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும் என்ற பாதுகாப்புகள் கிடைக்கும். சிறு கட்டடத்தில் அவற்றை நீங்களே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

வாடகை வீண் செலவு என்பதை நான் ஏற்கவில்லை. 31,240 ரூபாய்த் தவணைக்கும் 12,000 ரூபாய் வாடகைக்கும் இடையே உள்ளது 19,000 ரூபாய்க்கு மேல். அதில் 10,000 ரூபாயை மட்டும் மாதாமாதம் அஞ்சலகத்தில் கட்டினால், நான்கு ஆண்டில் வட்டியில்லாமலே 4.80 லட்சம் சேரும். அந்தப் பணத்தோடு கடன் கேட்கப் போங்கள்.

கேள்வி: திருவொற்றியூரில் கோயில் மனையில் உள்ள வீடு விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: அங்கே விற்கப்படுவது கட்டடம் மட்டும், மனை கோயிலுக்கே சொந்தம். அறநிலையத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் அத்தகைய மனையின் பத்திரத்தைப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவுப்படி பதிய மாட்டார்கள். வங்கிக் கடனும் எளிதில் கிடைக்காது. அடிமனை வாடகை பாக்கி இருந்தால் அதுவும் உங்கள் கணக்கில் வந்து சேரும்.

கேள்வி: மெட்ரோ வந்துவிட்டது, வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்கிறார்கள். எங்களைப் போன்ற வாடகைக் குடும்பங்களுக்கு இதனால் நன்மையா, வாடகை உயர்ந்து வெளியேற வேண்டியதுதானா?
– வாசகி, எண்ணூர்

பதில்: இரண்டும் சேர்ந்தே வரும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. வடசென்னை வளர்ச்சிக்கு 1,000 கோடி ரூபாய் என்று 2023-24 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நல்ல சாலையும் பள்ளியும் ரயிலும் பல தலைமுறைகளாக நமக்கு வரவேண்டியிருந்தவை. துறைமுகத்தின் நிலக்கரித் தூசியையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டையும் தாங்கிய மக்களுக்கு அவை சலுகை அல்ல. ஆனால் வாடகை குறைவாக இருந்ததற்கு அந்தத் தூசியும் ஒரு காரணம். தூசி குறைந்து ரயில் வரும்போது மனை விலை ஏறுகிறது, மனை உள்ளவருக்கு அது வரவு, வாடகைதாரருக்குச் செலவு.

பெரம்பூரில் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டபின், ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் உழைத்த அந்த நிலத்தில் பெரிய அடுக்குமாடிகள் எழுந்தன. அவற்றின் விலை அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளில் பலருக்கு எட்டாதது. இனி இப்பகுதியில் பயன்பாட்டுக்கு வரும் பொது நிலங்களில், விற்பனைக்கல்லாமல் வாடகைக்கென்றே அரசு வீடுகள் கட்டி, மூன்று மாத அட்வான்ஸுக்கு மேல் கேட்காமல் தர வேண்டும். வீட்டு வசதி வாரியமும் வாழ்விட மேம்பாட்டு வாரியமும் இருக்கின்றன, செய்யும் திறனும் அவற்றுக்கு உண்டு. உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாகவே எழுதிக் கொடுங்கள், ஒப்புகையும் கேட்டு வாங்குங்கள். அதற்கிடையில் இப்போதைய வாடகையிலேயே நீண்ட கால ஒப்பந்தம் எழுதி, பதிவு எண் பெற்றுவிட முயலுங்கள். எண்ணூர்ப் பக்கம் வாடகை இன்னும் ஏறாதிருக்கும்போதே அதைச் செய்வது எளிது.